மேல் டேங்க் தண்ணீர் ராத்திரியில் எங்கே போகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் கீழும் மேலுமாகச் சொந்த வீடு, கட்டி 16 வருஷம் ஆகிறது. மொட்டை மாடியில் 1,000 லிட்டர் டேங்க் இரண்டு. ஒன்றில் சிறுவாணிக் குடிநீர், இன்னொன்றில் போர் தண்ணீர். ராத்திரி 9 மணிக்கு மோட்டார் போட்டு நிரப்பும் போர் டேங்க், காலை 6 மணிக்குப் பார்த்தால் கால்வாசி இறங்கியிருக்கிறது. கீழ் பெட்ரூமில், பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஈரம் ஏறிப் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. வந்து பார்த்த ஒரு பிளம்பர் பாத்ரூம் டைல்ஸை முழுக்க உடைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் பழைய லைனை அப்படியே விட்டுவிட்டு வெளிச்சுவரில் புது லைன் இழுக்கலாம் என்கிறார். எதைச் செய்வது?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இரண்டு பேரும் செய்யப்போகும் வேலையைச் சொல்லியிருக்கிறார்களே தவிர, தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. கட்டட வேலையிலும் பழுது பார்க்கும் வேலையிலுமாக இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். உடைத்த பிறகும் நிற்காத கசிவுகளை நிறையவே பார்த்துவிட்டேன். உடைத்த டைல்ஸை மறுபடி ஒட்ட முடியாது, அதே டிசைன் கடையிலும் கிடைக்காது. அதனால் ஒரு வாரம் பொறுமையாக இருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கால்வாசி என்றால் 250 லிட்டர். 9 மணி நேரத்தில் 250 லிட்டர் என்றால் மணிக்குச் சுமார் 28 லிட்டர், நிமிஷத்துக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிமிஷத்துக்கு இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர் அந்தச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தால் பெயிண்ட் பொரிவதோடு நிற்குமா? ஒரே ராத்திரியில் பெட்ரூம் தரை குளமாகிவிடும். உங்கள் வீட்டில் தரை காய்ந்துதான் இருக்கிறது, சுவரில் மட்டும் ஈரம். ஆகவே சுவரை நனைப்பது கொஞ்சத் தண்ணீர், டேங்கைக் காலி செய்வது நிறையத் தண்ணீர். இவை ஒரே கசிவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் பிளம்பர்களும் ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். தனித்தனியாகப் பிடிப்போம்.

முதலில் டேங்க். நம் வீடுகளில் பெரும்பாலும் போர் லைனுக்கு மீட்டர் கிடையாது, டேங்க்தான் மீட்டர். ஒரு நீளமான குச்சியை எடுத்து, முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, டேங்கின் அடியைத் தொடும்வரை நேராக இறக்கித் தூக்குங்கள். நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். அதை டேப் வைத்து அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். டேங்கின் சுற்றளவை வெளியே ஒரு கயிறு சுற்றி அளந்துகொள்ளுங்கள். 345 செ.மீ. வந்தால் விட்டம் 110 செ.மீ., அப்போது ஒரு செ.மீ. இறக்கம் ஏறக்குறைய 9.5 லிட்டர். கழுத்துப் பகுதி குறுகலாக இருக்கும் என்பதால் விளிம்புவரை நிரப்பாமல், நேராக இருக்கும் உடம்புப் பகுதியில் நிறுத்தி அளந்தால் கணக்கு பிசகாது.

டேங்குக்குக் கீழே வால்வுகள் இருக்கும். 16 வருஷத்து வீட்டில் சமையலறைக்கு ஒன்று, மேல் பாத்ரூமுக்கு ஒன்று, கீழ் பாத்ரூமுக்கு ஒன்று என்று மூன்று இருக்கலாம். முதல் ராத்திரி எல்லா வால்வையும் மூடிவிட்டு அளவெடுங்கள். காலையில் மட்டம் அப்படியே இருந்தால் டேங்க் நல்லாயிருக்கிறது, கசிவு வீட்டுக்குள் போகும் லைனில். அடுத்த ராத்திரி ஒரு வால்வை மட்டும் திறந்துவிட்டு அளவெடுங்கள், அதற்கடுத்த ராத்திரி இன்னொன்றை. மூன்று நான்கு ராத்திரியில் எந்த லைன் என்று கையில் வந்துவிடும். ஒரு ரூபாய் செலவில்லை.

இந்தச் சோதனையில் பலர் சறுக்கும் இடம் வால்வு. போர் தண்ணீரில் வருஷக்கணக்கில் திறந்தே கிடந்த கேட் வால்வு உள்ளே உப்பு கட்டி, மூடினாலும் முழுசாக மூடாது. மூடியிருக்கிறது என்று நம்பி அளவெடுத்தால் எல்லாமே தப்பாகும். மூடியதும் அந்த லைனில் மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய் இரண்டையும் திறந்து விடுங்கள். பைப்பில் இருக்கும் தண்ணீர் வடிந்து சில நிமிஷத்தில் நிற்க வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் சொட்டினால் வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம். இறுகிப்போன வால்வை ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள், ஸ்பிண்டில் என்ற திருகுத் தண்டு ஒடிந்தால் வீடு முழுக்கத் தண்ணீர் வராமல் போய்விடும். டேங்கைக் காலி செய்துவிட்டு, யூனியனோடு (பைப்பை வெட்டாமல் கழற்றி மாட்ட உதவும் மூட்டு) சேர்த்துப் புது பால் வால்வுகளாக மாற்றிவிடுங்கள். உங்கள் வீட்டில் இப்போது செய்யத் தகுந்த செலவு என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். இனி எந்தக் கசிவு வந்தாலும் அந்த ஒரு லைனை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம்.

எல்லா வால்வையும் மூடிய பிறகும் மட்டம் இறங்குகிறதா? அப்படியானால் சந்தேகப்பட வேண்டியவை மூன்றுதான். டேங்கில் விரிசல், டேங்கிலிருந்து பைப் வெளியே வரும் இடத்து ரப்பர் வாஷர், அப்புறம் மோட்டார் லைன். முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். டேங்க் உட்கார்ந்திருக்கும் மேடை சமமாக இல்லாவிட்டால், நிரம்பும்போதும் காலியாகும்போதும் டேங்க் அசைந்து அந்த வாஷர் நெகிழும். அதைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்திருக்கும்.

மூன்றாவதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. போர் மோட்டார் பைப் டேங்குக்கு மேலே ஏறி உள்ளே இறங்கும். தண்ணீர் விழும் சத்தம் ராத்திரியில் தொந்தரவு என்று, அந்த முனையில் ஒரு துண்டு பைப் சேர்த்துத் தண்ணீருக்குள் மூழ்குகிற மாதிரி விட்டிருப்பார்கள். கீழே போர் மோட்டாருக்கு மேல் இருக்கும் ரிட்டர்ன் வால்வு தேய்ந்து பிடிக்காமல் போய்விட்டால், மோட்டார் நின்றதும் பைப்பில் இருக்கும் தண்ணீர் போருக்குள் திரும்பி இறங்கும். முனை தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால் டேங்க் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகும். மண்ணெண்ணெய் கேனில் டியூப் விட்டு வாயால் உறிஞ்சி இறக்குவோமே, அதே கதைதான். வீட்டில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது, டேங்க் மட்டும் காலியாகும். இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. மட்டம் அந்தப் பைப்பின் முனைவரை இறங்கி, காற்று புகுந்ததும் அங்கேயே நின்றுவிடும். உங்கள் டேங்க் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். காலையில் மோட்டார் போட்டதும் முதலில் காற்று புஸ்ஸென்று வந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் டேங்குக்குள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் பைப் பகுதியில் சின்னதாக ஒரு துளை போட்டுவிட்டால் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும், அல்லது முனையை மேலேயே வெட்டிவிடலாம். ரிட்டர்ன் வால்வை அடுத்த முறை மோட்டாரை மேலே எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

வால்வு திறந்த ராத்திரியில்தான் இறங்குகிறது என்றால், நான் முதலில் கை வைக்கும் இடம் வெஸ்டர்ன் டாய்லெட்டின் பிளஷ் டேங்க். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சத்தமே இல்லாமல் இவ்வளவு தண்ணீரைக் குடிக்கக்கூடியது வீட்டில் வேறு ஒன்றுமில்லை. அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் உப்புத் தண்ணீரில் கெட்டியாகி, ஓரத்தில் உப்புத் துகள் ஒட்டி, சரியாக உட்காராது. தண்ணீர் மெல்லிய படலமாகக் கோப்பையின் பின்பக்கத்தில் வழிந்து நேரே செப்டிக் டேங்குக்கோ பாதாளச் சாக்கடைக்கோ போய்விடும். தரை நனையாது, சுவர் நனையாது, காதுக்கும் கேட்காது.

சோதிப்பது சுலபம். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை இருபது சொட்டு பிளஷ் டேங்குக்குள் விட்டு, அரை மணி நேரம் யாரும் பிளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் வாஷர் போய்விட்டது. பிளஷ் டேங்க் சுவருக்குள் புதைந்த மாதிரி இருந்து திறக்கக் கஷ்டமாக இருந்தால், கோப்பையின் பின்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு காய்ந்த செய்தித்தாள் துண்டை ஒட்டினாற்போல் வையுங்கள், கசிந்தால் நனைந்துவிடும். டேங்குக்குள்ளேயே நடுவில் நிற்கும் குழாயின் வாய்வரை தண்ணீர் ஏறி வழிகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் வாஷர் அல்ல, மிதவைதான் மூடவில்லை. மிதவையின் திருகைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, தண்ணீர் அந்த வாய்க்கு ஒரு அங்குலம் கீழேயே நிற்கும்படி செய்யுங்கள்.

வடவள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் இதைப் பார்த்தது இன்னும் மனசில் நிற்கிறது. வயசான தம்பதி, பிள்ளைகள் வெளிநாட்டில். தினமும் டேங்க் காலியாகிறது என்று இரண்டு பாத்ரூமை உடைத்து, லைன் மாற்றி, புது டைல்ஸ் போட்டு முடித்திருந்தார்கள். அப்புறமும் நிற்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். மாடியில் பூட்டியே கிடந்த ஓர் அறையைத் திறக்கச் சொன்னேன். "அங்கே யாரும் புழங்குவதே இல்லையே சார்" என்று அந்த அம்மா தயங்கினார். திறந்து டாய்லெட்டில் விளக்கைப் போட்டால், கோப்பையின் பின்பக்கத்தில் விரல் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு பட்டை, மேலிருந்து கீழ்வரை. விரலால் தடவினால் சொரசொரவென்று உப்பு. மாதக்கணக்கில் ஒரே தடத்தில் தண்ணீர் ஓடினால்தான் அப்படிப் படியும். கீழே இருந்த, பிளஷ் டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடினோம், மறுநாள் காலை டேங்க் இறங்கவில்லை. வாஷர் விலை நூறு ரூபாய்கூட இல்லை. அந்த அம்மா புது டைல்ஸைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் இதை முதலில் பார்ப்பது அதனால்தான். உங்கள் வீட்டில் எத்தனை டாய்லெட் இருக்கிறதோ அத்தனையிலும், புழங்காததில் கட்டாயமாக, பார்த்துவிடுங்கள்.

பிளஷ் டேங்கும் இல்லையென்றால், தோட்டத்துக்கோ வாசல் குழாய்க்கோ மண்ணுக்குள் போகும் லைனைப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் புல் பச்சைப் பசேலென்று இருக்கும், அல்லது தளக்கல் ஒன்று இறங்கியிருக்கும்.

சொட்டுகிற குழாய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவை கண்ணுக்குத் தெரிகிறவை. 200 மி.லி. டம்ளர் ஒன்றை அடியில் வையுங்கள். 20 நிமிஷத்தில் நிரம்பினால் நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது. பழைய மாடல் குழாய் என்றால் உள்ளே வாஷர் மாற்றலாம். மாற்றியும் சொட்டினால் வாஷர் உட்காரும் பித்தளை இடம் அரித்துவிட்டது, குழாயையே மாற்றுங்கள். அரைத் திருப்பில் மூடும் புது மாடல் என்றால் ஸ்பிண்டிலைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இனி சுவர். இதற்குத்தான் நிதானம் வேண்டும். ஈரம் முடிகிற ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் பாருங்கள். எந்நேரமும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் சந்தேகம் தண்ணீர் வரும் லைன் மேல், ஏனென்றால் அதில் மட்டும்தான் நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. குளித்த பிறகு கூடி, இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்தால் குறைகிறது என்றால், தண்ணீர் வெளியேறும் பக்கத்திலோ டைல்ஸ் இடுக்கிலோ கசிகிறது. ஊருக்குப் போகும்போது டேங்க் வால்வை மட்டும் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாது. மழைக்கு மட்டும் கூடினால் வெளிச்சுவர் விரிசல், சன்ஷேடு, மழைநீர்ப் பைப் பக்கம் போங்கள். பாத்ரூமுக்குச் சம்பந்தமே இல்லாத சுவர்களிலும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நேர்கோட்டில் உப்புப் பூத்திருந்தால், அது கசிவே அல்ல. அஸ்திவாரத்திலிருந்து ஈரம் மேலேறுகிறது, அதன் வைத்தியம் வேறு.

இன்னொரு உபாயம் உங்கள் மாதிரி இரண்டு தண்ணீர் புழங்கும் வீட்டுக்கு மட்டும் உதவும். ஆர்ஓ மெஷின் போடுகிறவர்கள் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிறுவாணி மிகக் குறைவாகக் காட்டும், போர் தண்ணீர் பல மடங்கு அதிகமாகக் காட்டும். மேல்மாடி பாத்ரூம் தளத்தின் அடிப்பக்கத்திலிருந்தோ பைப் மூட்டிலிருந்தோ சொட்டும் தண்ணீரைப் பிடித்து அளந்தால் எந்த லைன் என்று தெரிந்துவிடும். ஆனால் சுவருக்குள் ஊறி வரும் தண்ணீர் செங்கல், சிமென்ட்டில் இருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். அதனால் அளவு அதிகமாக வந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். குறைவாக வந்தால் மட்டும் சிறுவாணி லைன்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கோடு போட்டுப் பார்த்ததில் சந்தேகம் பாத்ரூம் பக்கம் திரும்பினால், மூன்று நாள் அந்தப் பாத்ரூமைப் புழங்காமல் காயவிடுங்கள். பிறகு முதலில் தரையில் ஒரு சொட்டுப் படாமல், ஒரு டியூப் வழியாக இரண்டு வாளித் தண்ணீரை நேராகத் தரையில் தண்ணீர் வெளியேறும் வாயான ட்ராப்புக்குள் விடுங்கள். ஒரு நாள் பொறுத்துச் சுவரைப் பாருங்கள். ஈரம் கூடினால் ட்ராப்பிலோ அதற்குக் கீழே பைப்பிலோ கசிவு. கூடவில்லையென்றால் ஈரத்துணியைப் பாலிதீன் பையில் போட்டு ட்ராப்பை அடைத்து, வாசலில் சின்னதாக ஒரு தடுப்பு கட்டி, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ராத்திரி முழுக்க விடுங்கள். இதில் கூடினால் தரை டைல்ஸ் இடுக்கும் மூலையும்தான் காரணம். அதிலும் இல்லையென்றால் மூன்றாவதாக, சுவர் டைல்ஸ் மேல் ஷவரைத் திருப்பிப் பத்து நிமிஷம் அடியுங்கள். ஒரே நாளில் மூன்றையும் செய்துவிடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். செங்கல் சுவர் மெதுவாகத்தான் பேசும்.

மூன்றாவது சோதனையில் கூடினால், குழாய் சுவரைத் தொடும் இடத்தில் இருக்கும் வட்டமான ஸ்டீல் தட்டை, பிளாஞ்ச் என்பார்களே, அதைத் தள்ளிப் பாருங்கள். டைல்ஸை வெட்டிய ஓட்டை அப்படியே வாய் பிளந்திருக்கும், பூசியே இருக்க மாட்டார்கள். குளிக்கும் ஒவ்வொரு முறையும் சுவரில் வழியும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். ஒயிட் சிமென்ட்டோ சிலிகானோ வைத்து அடைத்தால் அன்றைக்கே தீர்ந்தது. தரை இடுக்கு என்றால் பழைய ஒயிட் சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு எபாக்சி க்ரௌட் நிரப்ப வேண்டும். ஈரத்தில் நிரப்பினால் ஒட்டாது. முழு டைல்ஸையும் உடைப்பது இதெல்லாம் செய்து பார்த்துப் பலிக்காதபோது மட்டும்.

சந்தேகம் லைன் மேல் இருந்தால், உளியை எடுக்கும் முன் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பிளம்பர்கள் கையால் அடிக்கும் ஒரு பம்ப் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் வாடகைக்குக் கிடைக்கும். குழாய்களைக் கழற்றிப் பிளக் போட்டு, கீசரை லைனிலிருந்து பிரித்துவிட்டு, சுடுதண்ணீர் லைனையும் பச்சைத்தண்ணீர் லைனையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாயை விட்டுவைத்தால் இரண்டும் அதன் வழியாகக் கலந்துகொண்டு குழப்பும். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம். உங்கள் வீட்டில் டேங்கிலிருந்து கீழ்க் குழாய்வரை ஏழு மீட்டர் இருக்கலாம், முக்கால் கிலோகூட இல்லை. பழைய லைனுக்கு மூன்று நான்கு கிலோ வைத்துப் பார்த்தால் போதும், பத்து கிலோ ஏற்றி நல்ல மூட்டையும் பிரித்துவிட வேண்டாம். அரை மணி நேரம் பம்ப் மீட்டரின் முள் அசையாமல் நின்றால் லைன் குற்றமற்றது. அப்போது புது லைன் இழுக்கும் யோசனையே தேவையில்லை. முள் இறங்கினால், அழுத்தம் இருக்கும்போதே நடுராத்திரி அமைதியில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுவரில் வைத்துப் பிடியில் காது வையுங்கள். கசியும் இடத்தில் "ஸ்ஸ்" என்று மெல்லிய சீறல் கேட்கும். சாதாரண டேங்க் அழுத்தத்தில் இது அனேகமாகக் கேட்காது. கருவி கொண்டுவந்து கசிவு கண்டுபிடிக்கிறவர்களை அழைத்தாலும், லைனில் அழுத்தம் ஏற்றித்தான் கேட்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுடுதண்ணீர் லைன் என்றால் இன்னும் சுலபம். கீசரைப் போட்டு பத்து நிமிஷம் சுடுதண்ணீரை ஓடவிட்டு நிறுத்திவிட்டு, சுவரைப் புறங்கையால் தடவிப் பாருங்கள். கசியும் இடம் நெடுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும். கீசரைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கீசர் அடியில் இருக்கும் சேஃப்டி வால்விலிருந்து, சூடாகும்போது நாலு சொட்டு விழுவது இயல்பு. தண்ணீர் சூட்டில் விரியும், அதற்கு வழி வேண்டும். சொட்டுகிறதே என்று அதைப் பிளக் போட்டு அடைப்பது உயிருக்கே ஆபத்து, கீசர் வெடிக்கலாம். விடாமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். ஈரச் சுவரைத் தொட்டாலோ குழாயைத் தொட்டாலோ லேசாக ஷாக் அடிக்கிறது என்றால், முதல் வேலை மெயினை அணைப்பது, அடுத்தது எலக்ட்ரீஷியன். பிளம்பர் அப்புறம்தான்.

கசிவு இடம் தெரிந்த பிறகு, ஒரு அடி சதுரம் உடைத்தால் போதும். 16 வருஷ வீடு என்பதால் லைன் ஜிஐயா (துத்தநாகம் பூசிய இரும்பு), சிபிவிசியா (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக்) என்று திறந்ததும் தெரியும். ஜிஐ பைப் மரை வெட்டிய இடத்தில்தான் மெலிந்திருக்கும், துரு அங்கேதான் முதலில் ஓட்டை போடும். ஒரு எல்போவை மாற்ற முறுக்கினால் பக்கத்து மூட்டு விடும், அதை முறுக்கினால் அடுத்தது. ஜிஐ துருப்பிடித்து ஒழுகுகிறது என்றால் மட்டும் உங்கள் இரண்டாவது பிளம்பர் சொன்னதுதான் சரி. அந்த லைனைக் கைவிட்டு வெளியே புதுசு இழுத்துவிடுங்கள்.

சிபிவிசி என்றால் பைப் கெடுவது அபூர்வம், மூட்டுதான் கெடும். குழாய் மாட்டும் மரை மூட்டு முழு பிளாஸ்டிக்காக இருந்து, யாரோ பித்தளைக் குழாயை இறுக்கி முறுக்கி, முடி அளவு விரிசல் விட்டிருப்பது நான் அடிக்கடி பார்க்கும் காட்சி. அங்கே உள்ளே பித்தளை வைத்த மூட்டு போட வேண்டும். பிளாஸ்டிக் மரையில் சணலைச் சுற்றி அடைக்க விடாதீர்கள், ஊறிப் பருத்து மூட்டைப் பிளக்கும். டெஃப்ளான் டேப் போதும், அதை மரை திரும்பும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிராகச் சுற்றினால் முறுக்கும்போதே உரிந்து வந்துவிடும். ஒட்டும் சால்வென்ட்டும் சிபிவிசிக்கென்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், சாதாரண பிவிசி சால்வென்ட் ஆகாது. பைப்பை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, ஈரமில்லாமல் துடைத்து, பைப்பிலும் சாக்கெட்டிலும் தடவி, கால் திருப்பு திருப்பிச் செருகி அரை நிமிஷம் பிடிக்க வேண்டும். உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்போது ஒட்டினால் அது ஒட்டு ஆகாது. எம்-சீலும் அப்படித்தான், ஒழுகுகிற பைப்பின் மேல் அப்பினால் நிற்காது. காய்ந்த பைப்பில், இரண்டு நிறமும் ஒன்றாகும்வரை பிசைந்து வைத்தால் சில நாள் தள்ளலாம், சுவருக்குள் வைத்து மூடுவதற்கு அது தகுதியில்லை.

மூடுவதற்கு முன் மறுபடி பிரஷர் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து, தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று தெரிகிற மாதிரி இரண்டு மூன்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு ஆணி அடிக்கக்கூட அது உதவும்.

பெட்ரூம் சுவரை உடனே பெயிண்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். கசிவு நின்ற பிறகும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதன் மேல் பட்டி பார்த்தால் ஒரே மாதத்தில் மறுபடி பொரியும், கசிவு நிற்கவில்லை என்று நினைத்து மறுபடி உடைப்பார்கள். உப்பேறிய பூச்சை ஈரக் கோட்டைத் தாண்டி ஒரு அடி வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரிய அப்படியே விடுங்கள். கட்டிலைத் தள்ளிப் போட்டு, ஃபேனைச் சுற்றவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். உப்பு வெளியே பூக்கும்போதெல்லாம் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், மறுபடி உள்ளேதான் போகும். புதிதாக உப்பு பூப்பது நின்ற பிறகு பூசலாம். ஐப்பசி மழைக்குள் முடியவில்லை என்றால் பெயிண்ட்டைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.